ஆள் வந்தாச்சு

பீடோங் பெரிய சாலையில் டயர் கடைக்கு மேலே
ஓர் அறை வாடகைக்கு.
அட்டையில் எண் இருந்தது. கூப்பிட்டேன்.
மலாயில் பேசினேன், பள்ளிக்கூடத்து மலாயில்,
செய்தி வாசிப்பதுபோல.
அவருக்குப் பிடித்துப்போனது.
தண்ணீர் தடையில்லாமல் வரும்,
மோட்டார் நிறுத்த இடமுண்டு,
முந்நூற்றைம்பது வெள்ளி, உங்களுக்காக முந்நூறு.
பிறகு பெயர் கேட்டார்.

யோகேஸ்வரி.

எதிர்முனையில் ஒரு காற்றாடி சுற்றுகிற சத்தம்.
அப்புறம், இப்போதுதான் நினைவு வந்ததுபோல,
'அலாமாக், சுடா அடா ஓராங்.'
ஆள் வந்தாச்சு.

அந்த அட்டை மேலும் மூன்று வாரம் தொங்கியது.
மழையில் மை கரைந்து
கடைசி ஏழு ஒன்றாகும்வரை பார்த்தேன்.
ஃபேக்டரி பஸ்ஸுக்கு வேறு வழி கிடையாது.

அம்மா பால்மரம் சீவினாள்.
நான் அந்தப் பாலில் செய்த கையுறையில் ஓட்டை தேடுகிறேன்.
எங்கள் குடும்பத்துக்குப் பதவி உயர்வு என்றால்
இதுவரை அவ்வளவுதான்.
காற்றடைத்துப் பார்ப்பேன்,
ஐந்து விரலும் உப்பி
யாரோ 'நில்' என்று கை காட்டுவதுபோல் நிற்கும்.
ஒரு ஷிப்டுக்கு நாலாயிரம் முறை.

எட்டு வருஷம்.
நான் பழக்கிவிட்ட மூன்று பேர்
இப்போது என் லீவுக் கடிதத்தில் கையெழுத்திடுகிறார்கள்.
நாலாவது இடம் காலியானபோது நானே போய்க் கேட்டேன்.
மண்டரின் தெரிய வேண்டும் என்றார் மேனேஜர்.
எனக்கு ஹொக்கியன் வரும் என்றேன், ஹொக்கியனிலேயே.
அது வேறு இது வேறு என்றார்,
அவரும் ஹொக்கியனிலேயே.
இரண்டு பேரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டேன் என்பது
பஸ்ஸில்தான் உறைத்தது.

நம்மவர்கள் அட்டை எழுதி மாட்டுவதில்லை.
கல்யாண மண்டபத்தில், இலையில் அப்பளம் விழுமுன்,
'எந்தத் தோட்டம்மா நீங்க?'
சொன்னேன்.
'அங்க எந்த லயம்? கோயில் பக்கமா, ஆத்துப் பக்கமா?'
ஆத்துப் பக்கம்.
அதுவரை அத்தையாக இருந்த அந்த அம்மா
தன் தண்ணீர்ப் புட்டியை எடுத்து மூடினார்.
மெதுவாக, மூன்று சுற்று.
தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து,
செம்பனை நட்டுப் பதினாறு வருஷமாகிறது.
ஆத்துப் பக்கம் மட்டும் இன்னும் இடிபடவில்லை.

போன வருஷம் தாமானில் ஒரு மலிவு வீடு வாங்கினோம்.
பின்னால் ஓர் அறை சும்மா கிடந்தது.
தவணைக்கு ஆகுமென்று குணாளன் அட்டை வெட்டினார்.
என் கையெழுத்துத்தான் நன்றாக இருக்குமாம்,
நான் எழுதினேன்.
முந்நூறு வெள்ளி.

சபித்ரா மூன்றாவது லைன். நேப்பாளம்.
அவர்கள் விடுதியில் கட்டில் ஆறுவதே இல்லை,
இவள் எழுந்த சூட்டில் இன்னொருத்தி படுப்பாள்.
ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு வெளியே நின்றாள்.
'அக்கா, ரூம் இருக்கா?'
தமிழில் கேட்டாள்.
அந்த 'அக்கா' என்னிடம் கற்றது.

குணாளன் வீட்டில் இல்லை.
பக்கத்து வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது.
யார்மேலும் பழியைப் போட முடியாது.
வாயைத் திறந்தேன்,
மிகவும் மரியாதையாக வந்தது:
'அய்யய்யோ, ஆள் வந்தாச்சேம்மா.'

அவள் தலையாட்டினாள்.
எட்டு வருஷம் ஓட்டை தேடிப் பழகிய கண் எனக்கு.
அந்த முகத்தில் ஒன்றும் அகப்படவில்லை.
'சரிக்கா' என்றாள். போனாள்.

ராத்திரி டார்ச்சோடு போய் அட்டையைக் கழற்றினேன்.
அறையைக் கொடுப்பதற்காக இல்லை.
விடுதி பஸ் காலையில்
எங்கள் தெருமுனையில்தான் திரும்பும்.
அவள் ஜன்னலோரம் உட்காருகிறவள்.